ஊட்டி ஏரிகள் சுற்றுலா என்று 9,250 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு படகில்கூட ஏற்றவில்லை. போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

வியாழக்கிழமை நடந்தது இது. இன்று சனிக்கிழமை இரவு. இரண்டு நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலாண்டு விடுமுறையில் இன்னும் எத்தனை குடும்பம் ஊட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறதோ, அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விவரமாகச் சொல்கிறேன்.

பெயரைப் போடவில்லை. போட்டால் பதிவையே தூக்க வைத்துவிடுவார்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். சுற்றுலா டிக்கெட் விற்கிற ஒரு செயலி, அதில் கடை போட்டிருக்கும் ஊட்டி டிராவல்ஸ் ஒன்று. இந்த அளவுக்குச் சொன்னால் போதும்.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. அம்மாவுக்காகத்தான் இந்தப் பயணமே. அப்பா மின்வாரியத்தில் சிங்காரா பவர் ஹவுஸில் வேலை பார்த்தவர். 1932-லிருந்து ஓடுகிற பைக்காரா மின் திட்டத்தின் பவர் ஹவுஸ் அது. கல்யாணமான புதிதில் அம்மா அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். மேலே இருக்கும் கிளென்மார்கனுக்கும் சிங்காராவுக்கும் நடுவே வின்ச் என்று கம்பி வடம் இழுக்கிற தண்டவாள வண்டி ஓடும், அதில் மலையேறி வந்து பைக்காரா அணையைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. "ஒருக்கா அந்தத் தண்ணி மேல போட்டுல போயிட்டு வரணும் கண்ணு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அப்படி வாய் விட்டு எதையும் கேட்கிறவர் இல்லை.

செயலியில் அந்தப் பயணம் இப்படித்தான் போட்டிருந்தது: காலை எட்டு மணிக்குச் சேரிங் கிராஸில் ஏறலாம். காமராஜ் சாகர், பைக்காரா, அவலாஞ்சி, ஊட்டி ஏரி என்று நான்கு ஏரி. பைக்காராவிலும் ஊட்டியிலும் மோட்டார் படகு டிக்கெட் சேர்த்து. மதியச் சாப்பாடு, நாள் முழுக்க கூடவே வருகிற கைடு. ஒருவருக்கு 1,850 ரூபாய். ஐந்து பேருக்கு 9,250. நான் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், என் மாதச் சம்பளத்தில் பாதி அது. அதில் 2,000 ரூபாய் அம்மா தன் குடும்ப ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கையில் திணித்தார்.

முதலில் செயலியில் 2,000 ரூபாய் மட்டும் முன்பணம் கட்டினேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் போன் பண்ணினான். அந்தப் பேச்சில்தான் நான் விழுந்தேன். எடுத்ததும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "பெரியவங்க யாராச்சும் வர்றாங்களா அக்கா?" என்றுதான் கேட்டான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். "அப்ப டிரைவர் பின்னாடி முதல் சீட்டு அம்மாவுக்குத்தான். போட்ல ஏறுறப்ப எங்க பசங்க கையைப் பிடிச்சு ஏத்தி விடுவாங்க. நீங்க கவலையே பட வேண்டாம்" என்றான். சிங்காரா கதையைக்கூட அவனிடம் சொன்னேன். "ஐயோ, எங்க தாத்தாவும் ஈபி தான் அக்கா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். மீதி 7,250-ஐ செயலியில் கட்டினால் வரி சேரும், நேராக இந்த நம்பருக்கு யுபிஐயில் போட்டுவிடுங்கள், சீட்டை இப்போதே உறுதி பண்ணிவிடுகிறேன் என்றான். அனுப்பினேன். வந்த பெயர் டிராவல்ஸ் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அதைப் பார்த்தும் அனுப்பினேன். தாத்தா ஈபி என்று சொன்ன பையன் ஏமாற்றுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் காலை ஏழே முக்காலுக்கே சேரிங் கிராஸில் நின்றோம். வண்டி வந்தது ஒன்பது இருபதுக்கு. நடுவில் ஆறு தடவை போன் பண்ணினேன். ஆறு தடவையும் "வந்துட்டே இருக்கு அக்கா, ஃபிங்கர்போஸ்ட் தாண்டிட்டாங்க". பஸ் என்று போட்டிருந்தார்கள், வந்தது ஒரு பழைய வேன். மஞ்சள் போர்டுகூட இல்லை, வெள்ளை போர்டு. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அம்மாவுக்குச் சொன்ன முதல் சீட்டில் வேறொரு குடும்பம். அவர்களுக்கும் அதே சீட்டைச் சொல்லியிருக்கிறான். அம்மா கடைசி வரிசையில் ஸ்டெப்னி பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

கைடு என்று ஒரு இளைஞன் ஏறினான். எல்லோரிடமும் ஆதாரைக் காட்டச் சொன்னான், பாட்டைப் போட்டான், ஃபிங்கர்போஸ்டில் இறங்கிப் போய்விட்டான். அவ்வளவுதான் கைடு. என் மகள் ஏழாம் வகுப்பு. ஏரிகளைப் பற்றிப் பள்ளியில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று நோட்டும் பேனாவுமாக வந்திருந்தாள். அந்த நோட்டில் தேதியைத் தவிர ஒன்றும் இல்லை.

காமராஜ் சாகரை வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஒரு வளைவில் டிரைவர் கையை நீட்டி "அதான் டேம்" என்றார். வண்டி நிற்கவில்லை. முதல் ஏரி முடிந்தது.

ஆனால் கடைகளில் மட்டும் வண்டி நன்றாக நின்றது. சாக்லேட் கடையில் ஐம்பது நிமிடம். தைலக் கடையில் முக்கால் மணி நேரம். உள்ளே கூட்டிப் போய் யூகலிப்டஸ் தைலத்தை அம்மா முழங்காலில் தடவிவிட்டு, முடி வளர ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று 1,400 ரூபாய்க்கு எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்று வெளியே வந்தால் டிரைவர் வண்டிக் கதவைத் திறக்கவில்லை. மற்றவர்கள் வாங்கி முடிக்கும்வரை வெயிலில் நின்றோம். வெயில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பைக்காராவுக்குப் போகும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. விடுமுறைக் கூட்டம். படகு இல்லத்துக் கவுண்டர் முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. எங்கள் டிக்கெட் எங்கே என்று டிரைவரிடம் கேட்டேன். "போட் டிக்கெட்டா? எனக்கு ஆபீஸ்ல அப்படி ஒண்ணும் சொல்லலீங்களே. வேணும்னா கியூவுல நின்னு எடுத்துக்கங்க. ஆனா நான் இருபது நிமிஷத்துல கிளம்பிடுவேன்." அந்த வரிசையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஆபீஸுக்குப் போன் பண்ணினேன். "டிரைவர்கிட்ட கொடுங்க அக்கா." கொடுத்தேன். டிரைவர் தள்ளிப் போய் ஏதோ பேசிவிட்டு வந்து, "அவங்க டிரைவர் பார்த்துப்பாருன்னு சொல்றாங்க, நான் என்னங்க பாக்கறது? வண்டி வாடகைக்கு ஓட்டுறேன்" என்றார். மறுபடி போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

அங்கே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். அந்தப் படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. மோட்டார் படகுக்குத் தலைக்கு இவ்வளவு என்று இல்லை, எட்டுப் பேர் ஏறும் படகு என்றால் ஒரு படகுக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கிறது. எவரும் நேராகப் போய் எடுக்கலாம். அதைத்தான் இவர்கள் தலைக்கு 1,850 ரூபாயில் சேர்த்து விற்றிருக்கிறார்கள், வாங்கிக் கொடுக்காமல்.

அம்மா கரையில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் சோலைக்காடு தண்ணீர் விளிம்புவரை இறங்கி நிற்கும், அதன் நிழல் கறுப்பாக விழுந்திருந்தது. ஒரு படகு திரும்பி வந்து கரையில் இடித்து நின்றது, அதிலிருந்து ஒரு பாட்டியைக் கைப்பிடித்து இறக்கினார்கள். அம்மா அதைப் பார்த்தார். அப்புறம் என் மகனைப் பக்கத்தில் இழுத்து, "இந்தத் தண்ணிதான் சாமி கிளென்மார்கன் வந்து, அங்கிருந்து குழாயில சிங்காராவுக்கு இறங்கும். உங்க தாத்தன் சொல்லுவாரு" என்றார். அதற்குள் வேன் ஹாரன் அடித்துவிட்டது. இரண்டாவது தடவையும் அடித்தது. அம்மா எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டே மேடேறினார். "விடு கண்ணு, பார்த்தாச்சில்ல, போதும்" என்று என்னைத் தேற்றினார். அந்த "போதும்" என்னைக் கொன்றுவிட்டது.

சாப்பாடு ஆறிப்போன எலுமிச்சைச் சாதம். அதைப் பற்றி எழுத நேரமில்லை.

அவலாஞ்சி என்றதும் டிரைவர் சிரித்தார். "அதெல்லாம் இந்த வண்டி உள்ள போகாதுங்க, ஃபாரஸ்ட் வண்டியிலதான் போகணும்." உண்மைதான், அங்கே காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போகிறார்கள், டிக்கெட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும். அது மட்டுமில்லை. பைக்காரா கூடலூர் ரோட்டில் இருக்கிறது, அவலாஞ்சி ஊட்டிக்கு அந்தப் பக்கம் எமரால்டு வழி. மறுபடி ஊட்டிக்கு வந்துதான் போக வேண்டும். பாதி நாளைக் கடைகளில் கழிக்கிற வண்டி அங்கே போகப்போவதே இல்லை என்று விற்கும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் படம் போட்டு விற்றிருக்கிறான்.

ஊட்டி ஏரிக்கு வந்தபோது ஐந்தே முக்கால். டிக்கெட் கவுண்டர் மூடிவிட்டார்கள். வேறொரு குழுவின் கைடு தன் ஆட்களிடம், 1820களில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உண்டாக்கிய செயற்கை ஏரி இது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மகள் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்று அதை எழுதிக்கொண்டாள். எங்களுக்கு அன்று கிடைத்த தகவல் அது ஒன்றுதான், அதுவும் ஊரான் கைடு கொடுத்தது. 9,250 ரூபாய், காலையிலிருந்து இரவுவரை, படகுப் பயணம் என்று பெயர். ஐந்து பேரில் ஒருவர்கூடப் படகில் கால் வைக்கவில்லை.

இனி பணத்துக்கு அலைந்த கதை.

அன்று இரவே அந்தப் பையனுக்கு மெசேஜ் போட்டேன். "நாளைக்கு மேனேஜர் பேசுவாரு அக்கா." வெள்ளிக்கிழமை மதியம்வரை மேனேஜர் பேசவில்லை. நானே கூப்பிட்டேன். மேனேஜர் என்று வேறொரு குரல். "வானிலை காரணமா போட்டிங் கேன்சல் மேடம், அது எங்க கையில இல்லை." சார், வெயில் அடித்தது, படகு ஓடியதை என் கண்ணால் பார்த்தேன், போட்டோ இருக்கிறது என்றேன். "அப்ப நீங்கதான் கியூவுல நிக்கல." நான் குரலை உயர்த்தினேன். "மரியாதையா பேசுங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அடுத்த மெசேஜுக்கு ஒரே ஒரு டிக். என்னைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். "அக்கா அக்கா" என்று பேசிய பையனும் தடுத்து வைத்துவிட்டான்.

செயலிக்கு எழுதினேன். முதல் பதில்: நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பயணத்தை நடத்தியவரைத் தொடர்புகொள்ளவும். அவர் என்னைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று எழுதினேன். இரண்டாவது பதில்: எங்கள் வழியாக வந்தது 2,000 மட்டுமே, மீதி 7,250-க்கு நாங்கள் பொறுப்பல்ல. அப்படியானால் அந்த 2,000-ஐயாவது கொடுங்கள் என்றேன். மூன்றாவது பதில்: பயணம் நிறைவடைந்ததால் பணம் திரும்பத் தர இயலாது, அடுத்த முன்பதிவுக்கு 300 ரூபாய் தள்ளுபடி தருகிறோம். இன்று மாலை பார்த்தால் புகாரையே முடித்துவிட்டார்கள். மனிதர் யாரிடமாவது பேச ஒரு போன் நம்பர் கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, முடிந்ததை எழுதுகிறேன். தனி ஆள் பெயர் வருகிற யுபிஐக்குப் பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு அன்பாகப் பேசினாலும். செயலிக்கு வெளியே கட்டச் சொன்னாலே போனை வைத்துவிடுங்கள். வண்டி மஞ்சள் போர்டா என்று பாருங்கள். படகு டிக்கெட்டை எதனோடும் சேர்த்து வாங்காதீர்கள், படகு இல்லத்தில் நேராக எடுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பைக்காராவுக்கு மட்டும் போக வேண்டும் என்றால் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் கூடலூர் பஸ் ஏறினாலே போதும், இறங்கிக் கொஞ்சம் உள்ளே போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். போன் பேச்சை நம்பாமல் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள், என்னிடம் அந்த முதல் பேச்சுக்கு ஆதாரமே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம்வரை கட்டணமும் கிடையாது. ஊட்டிக்கு அலைய வேண்டியதில்லை. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, யுபிஐ ரசீது, செயலியில் போட்டிருந்த விவரத்தின் படம், பைக்காராவில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈரோட்டு ஆணையத்துக்குப் போகிறேன். 9,250 ரூபாயையும் கேட்கப்போகிறேன், ஒரு ரூபாய் குறையாமல்.

அம்மா இன்னும் தூங்கவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது, ஒத்தடம் கொடுக்கப் போகிறேன்.