முட்டி எலும்பு உடைஞ்சா "கீஹோல்ல முடிச்சிடலாம்"னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க

எங்களுக்கு கோத்தகிரி பக்கம். போன ஐப்பசி மழையில அம்மா கொழுந்து மூட்டையோட இறங்கும்போது சறுக்கி விழுந்துட்டாங்க, முட்டிக்குக் கீழ இருக்குற எலும்போட மேல்தளம் உடைஞ்சிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா மேட்டுப்பாளையம் ரோட்டுல இறக்கினோம், ஒவ்வொரு வளைவுக்கும் அம்மா கத்துனது இன்னும் காதுல இருக்கு.

கீழ ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே மட்டும்தான் எடுத்தாங்க. டாக்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடியே ஒருத்தர் எங்களைத் தனியா உக்கார வெச்சு "கீஹோல்ல, அதாவது சின்ன ஓட்டை போட்டே பண்ணிடலாம், தழும்பே தெரியாது, மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம், ரெண்டு வாரத்துல அம்மா நடப்பாங்க"ன்னாரு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டுனா அது கீஹோலுக்கு செல்லாது, கேஷ்தான்னு சொல்லிட்டாரு. அப்பா அம்மாவோட வளையலை அடகு வெச்சு 1,80,000 கட்டுனாரு. அந்தத் திட்டத்துல வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அட்டை செல்லாதுன்னு வாயால சொன்னதை அப்படியே நம்புனோம், எழுதிக் குடுங்கன்னு கேக்காம விட்டதுதான் நாங்க பண்ண தப்பு.

ரெண்டு ஸ்க்ரூ, மூணு சின்னத் தையல். சொன்ன மாதிரியே ரெண்டாவது வாரம் நடக்க விட்டாங்க, வலிக்குதுன்னா "நடந்தாத்தான் சரியாகும்"னு அனுப்பிட்டாங்க. தை மாசம் பார்த்தா முட்டி உள்பக்கமா சாஞ்சு நிக்குது.

அப்புறம் வேற டாக்டர்கிட்ட போனோம். அவர் சிடி ஸ்கேன் எடுத்து, எலும்போட வெளிப்பக்கத் தளம் கிண்ணம் மாதிரி குழிஞ்சு கிடக்குறதை விரல் வெச்சு காட்டுனாரு. கீஹோலை அவர் குறை சொல்லல. நேரா விரிசல் விட்டு, தளம் இறங்காம இருந்தா ஸ்க்ரூ மட்டும் போதும், காயம் சின்னது, வீக்கமும் கம்மின்னாரு. ஆனா தளம் உள்ள இறங்கிட்டா கீழ இருந்து தூக்கி, அடியில காலியா இருக்குற இடத்தை எலும்பு வெச்சு அடைச்சு, பிளேட்டு முட்டு குடுக்கணும், சமமா வந்துச்சான்னு கேமரா விட்டும் பார்க்கலாமாம். அம்மாவுக்கு அது எதுவுமே பண்ணல. பொதுவா 6லேர்ந்து 12 வாரம் அந்தக் கால்ல பாரமே குடுக்கக் கூடாதாம், மடக்கி நீட்டுற பயிற்சி மட்டும் சீக்கிரமே ஆரம்பிக்கணுமாம். இப்ப எலும்பு கோணலாவே கூடிடுச்சு, மேல இருக்குற குருத்தெலும்பு தேஞ்சா பழையபடி வளராது, பின்னாடி மூட்டு மாத்துற நிலைமை வரலாம்னு சொன்னப்ப அம்மா என் கையைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படின்னா சிடி எடுத்தீங்களா, தளம் எவ்வளவு இறங்கியிருக்கு, எத்தனை வாரம் கால் ஊனக் கூடாது, இந்த மூணையும் ஆபரேஷன் பண்ற டாக்டர் வாயாலயே கேளுங்க. ஆபரேஷன் குறிப்பை கேட்டு 72 மணி நேரத்துல குடுக்கணும்னு விதி இருக்கு. நான் மூணு தடவை மலையிறங்கிப் போயிட்டேன், இன்னும் தரல, நுகர்வோர் ஆணையத்துல போட 2 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு, போடத்தான் போறேன்.

ரோட்டுல இருந்து எங்க வீட்டுக்கு பதினெட்டு படி. அம்மா இப்ப ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்துதான் இறங்குறாங்க.