பன்றிக்கும் வேலை செய்யும் என்று விற்கும் ஆன்டிபாடிகள்: பார்த்து வாங்குங்கள்

பன்றி சைட்டோகைனுக்கு (நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் சமிக்ஞைப் புரதம்) ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைனுக்கு என்று முயலில் தயாரித்த ஒரு பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) வாங்கினோம். விற்பனைப் பக்கத்தில் மனிதன், சுண்டெலி, பன்றி மூன்றும் ஒரே வரியில் இருந்தன. மனித, சுண்டெலிப் புரதங்களே சுமார் 40 சதவீதம்தான் ஒத்துப்போகும், எல்லாவற்றிலும் ஒட்டும் என்று எழுத எப்படித்தான் மனசு வந்ததோ!

பன்றி ரத்த வெள்ளணுக்களை பிஎம்ஏ, அயனோமைசின் என்ற வேதிப்பொருட்களைக் கொடுத்துத் தூண்டி, சைட்டோகைன் வெளியே போகாமலிருக்க பிரெஃபெல்டினும் சேர்த்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) ஓட்டினோம். 17 முதல் 25 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் வரவேண்டிய பேண்ட், அதாவது பட்டை, வரவே இல்லை. 50க்குப் பக்கத்தில் மட்டும் தடிமனாக ஒன்று, அதுவும் தூண்டிய செல்லிலும் தூண்டாத செல்லிலும் ஒரே அளவு. சரி, சாம்பிளில்தான் கோளாறோ என்று பன்றி இன்டர்ஃபெரான் காமாவின் ரீகாம்பினன்ட் (ஆய்வகத்தில் தயாரித்த) புரதத்தையே ஒரு லேனில் போட்டால் அதையும் அது கண்டுகொள்ளவில்லை.

புகார் அனுப்பியதும் வந்த பதில்தான் அழகு: பன்றியில் அவர்கள் சோதித்ததே இல்லையாம், அமினோ அமில வரிசை ஒத்துப்போவதை வைத்து 'எதிர்பார்க்கப்படும்' விலங்காகப் போட்டிருக்கிறார்களாம், உத்தரவாதம் சோதித்த விலங்குகளுக்கு மட்டும்தானாம். டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. பணத்துக்குப் பதில் அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறார்களாம், யாருக்கு வேண்டும் அது?

அப்புறம் வேறொரு நிறுவனத்தின் ஆன்டிபாடியைப் பார்த்தோம். கேட்டலாக் எண் வேறு, விலை கூடுதல், ஆனால் பிளாட் படம் அதேதான், இடது ஓரத்தில் இருக்கும் கீறல் உட்பட. ஒரே சரக்குக்கு வேறு லேபிள். நல்லவேளை, வாங்கவில்லை.

வாங்குமுன், தூண்டிய பன்றிச் செல்லும் தூண்டாததும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் படத்தைக் கேளுங்கள். மனித செல் லைன் படத்தைக் காட்டினால் விட்டுவிடுங்கள். மோனோகுளோனல் (ஒரே வகை ஆன்டிபாடி) என்றால் அதைத் தரும் செல் வழியின், அதாவது குளோனின், பெயரைக் கேட்டு, பன்றி ஆய்வுக் கட்டுரைகளில் தேடுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் ஓடவிட்டு அளக்கும் முறை) இன்டர்ஃபெரான் காமாவில் பி2ஜி10 குளோன் பலர் பயன்படுத்துவது. மனித டிஎன்எஃப் ஆல்ஃபாவுக்கான (இதுவும் ஒரு சைட்டோகைன்) மேப்11 குளோன் பன்றியிலும் நன்றாகவே ஒட்டும். அதாவது வேறு விலங்குக்கான ஆன்டிபாடியே கூடாது என்று சொல்லவில்லை, யாராவது பன்றியில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளோவில் ஓடுவது பிளாட்டிலும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள், அதையும் தனியாகக் கேளுங்கள்.

எங்கள் பிளாட் படங்களை அந்த நிறுவனத்துக்கு அனுப்பியாயிற்று. விற்பனைப் பக்கத்தில் இன்னும் 'பன்றி' அப்படியேதான் இருக்கிறது.