லொறிக்கு ‘கனடா ஹீற்றர்’ விக்கிறாங்கள், காசு குடுக்கிறதுக்கு முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

யாழ்ப்பாணத்தில இருந்து நுவரெலியாப் பக்கம் மரக்கறி ஏத்தப் போற லொறிக்காரருக்காகத்தான் இதை எழுதுறன், மார்கழி தை மாசக் குளிருக்க உங்கட வண்டியும் விடிய ஸ்ராட் ஆகாமல் நிண்டிருக்கும், அந்த நேரம் ஆரும் வந்து “ஒரு சாமான் இருக்கு” எண்டு சொன்னா நம்பத்தான் மனம் வரும், நான் நம்பினனான்.

என்ர வண்டி பழைய இசுசு எல்ஃப் டீசல் லொறி, 24 வோல்ற், ரெண்டு பற்றறி. போகேக்க நீர்வேலி வாழைக்குலை, சின்ன வெங்காயம், வரேக்க கரட், லீக்ஸ், கோவா. இஞ்ச மார்கழி மாசத்திலயும் காலமை 22, 23 பாகைக்குக் கீழ பெரிசா இறங்காது, திறப்பைத் திருப்பினா ஒரு தட்டில ஸ்ராட் ஆகும். நுவரெலியா அப்பிடி இல்லை, கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேல, தை மாசம் சில நாள் புல்லில துகில் உறைபனி படிஞ்சு வெள்ளையாக் கிடக்கும். அங்க இரவு வண்டியை விட்டிட்டுப் படுத்து விடிய நாலரைக்கு எழும்பி அடிச்சா, ஸ்ராட்டர் நல்லாச் சுத்துது, பின்னால வெள்ளைப் புகை தள்ளுது, எஞ்சின் மட்டும் பிடிக்குதில்லை. மூண்டு பயணம் இப்பிடி நடந்தது, ஒருக்கா பற்றறியும் இறங்கி ஆக்களைப் பிடிச்சுத் தள்ளித்தான் எடுத்தனான், லோட் பிந்தி வந்து அண்டைக்குத் திருநெல்வேலிச் சந்தையில பாதி விலைக்குத்தான் போச்சுது.

பிறகு யாழ்ப்பாணத்தில ஒரு பாட்ஸ் கடையில போய் விசாரிச்சனான், கடையின்ர பேர் இதில போடேல்ல. கடைக்காரர் வண்டியை வந்து பார்க்கவுமில்லை, ஒரு கேள்வி கேட்கவுமில்லை. “அண்ணை, இது குளிர்ப் பிரச்சினை. கனடாவில எல்லா லொறிக்கும் இதுதான் போடுறவை, புளொக் ஹீற்றர். இரவு கரண்டில குத்திட்டுப் படுங்கோ, விடிய எஞ்சின் சூடா நிக்கும்” எண்டார். பெட்டியும் நல்ல வடிவா இருந்தது. பூட்டுக்கூலியோட 52,000 ரூபா. கரண்ட் ஒத்துவருமோ எண்டு கேட்டனான், “கரண்ட் எண்டா எல்லா இடமும் கரண்ட் தானே அண்ணை” எண்டு பதில் சொன்னவர்.

அவற்ற பெடியன் எஞ்சின் புளொக்கில தண்ணி ஓடுற பக்கத்து ஓட்டையை மூடியிருக்கிற தகட்டு மூடி (கோர் பிளக்) ஒண்டைத் தட்டிக் கழட்டிப்போட்டு அந்த ஓட்டைக்குள்ள ஹீற்றரை வச்சவன், சரியா இறுகேல்ல போல, சுத்திவர சிலிக்கன் பூசினவன். ஹீற்றர் வயரின்ர நுனியில ரெண்டு தட்டைக் கம்பியும் ஒரு உருண்டைக் கம்பியும் உள்ள பிளக் இருந்தது, அது எங்கட சொக்கற்றுக்குள்ள போகாது, அதை வெட்டி எறிஞ்சுபோட்டு 13 அம்பியர் பிளக் பூட்டித் தந்தவன். வெட்டின துண்டை நான் எடுத்து ரூல்ஸ் பெட்டிக்க போட்டனான், இப்பவும் கிடக்குது. அதில 125 வோல்ற் எண்டு தெளிவா அச்சடிச்சிருக்கு.

அடுத்த பயணம் நுவரெலியாவில நாங்கள் வழமையாத் தங்கிற வீட்டில இரவு பத்து மணிக்குக் குத்தினன். கொஞ்ச நேரத்தில வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டுறா, “தம்பி, என்னமோ கருகுற வாடை அடிக்குதுங்க, வந்து பாருங்க”. ஓடிப்போய்ப் பார்த்தா சொக்கற்றின்ர வாய் கறுத்து பிளாஸ்ரிக் உருகி ஒழுகியிருக்கு, வயரைத் தொட்டா றப்பர் பிசின் மாதிரி விரலில ஒட்டுது. சொக்கற்றுக்குப் பக்கத்திலதான் திரைச்சீலை, அறைக்குள்ள அவவின்ர பேரப்பிள்ளையள் ரெண்டு பேர் நித்திரை. அந்தக் காட்சி இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது, அதுக்காகத்தான் இதை எழுதோணும் எண்டு இருந்தனான்.

விடிய வண்டிக்குக் கீழ பார்த்தா பச்சைத் தண்ணி, எஞ்சினைக் குளிராக்கிற கூலன்ற், சொட்டுச் சொட்டா நிலம் நனைஞ்சு கிடக்கு. இதைக் கவனிக்காமல் றம்பொடை இறங்கி கண்டி தாண்டி வந்திருந்தா எஞ்சின் சூடேறி ஹெட் போயிருக்கும்.

கனடாவில லொறி ஓட்டுற மச்சானுக்கு வட்ஸ்அப்பில படம் அனுப்பினன். உடன எடுத்தான். “டேய் மச்சான், உதில 120 வோல்ற் 1000 வாட் எண்டு எழுதியிருக்கு, வாசிக்கேல்லையே? இஞ்சத்த கரண்ட் 120, அங்க 230.” பிறகு கணக்கை விளங்கப்படுத்தினவன், வோல்ற் ரெண்டு மடங்கு கூடினா சூடு ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு கூடும், அப்ப 1000 வாட் ஹீற்றர் 230 இல 3,600 வாட்டுக்கு மேல இழுக்கும், அது கிட்டத்தட்ட 16 அம்பியர், 13 அம்பியர் பிளக் எப்பிடித் தாங்கும்? அதோட புளொக்குக்க காத்து நிண்டு ஹீற்றர்க் கம்பி தண்ணிக்க முழுசாத் தாழாமல் இருந்தா சரியான வோல்ற்றிலயும் அது எரிஞ்சுபோகுமாம், ஹீற்றர் பூட்டினா கூலன்ற் விட்டு காத்தை முழுக்க எடுத்தாத்தான் கரண்ட் குடுக்கலாம்.

அவன் சொன்ன இன்னொரு விசயம்தான் எனக்குப் பெரிசாப் பட்டது. அங்க மைனஸ் 20, மைனஸ் 30 எண்டு போகேக்க ஓயில் தடிச்சு, பற்றறி பாதிப் பலம் இழந்து, டீசலுக்க இருக்கிற மெழுகு திரண்டு ஃபில்ற்றரை அடைக்கும், அந்தக் குளிருக்குத்தான் இந்தச் சாமான், அதுகும் இரவு முழுக்க இல்லை, ரைமர் வச்சு எடுக்கிறதுக்கு மூண்டு நாலு மணித்தியாலம் முதல் போட்டாக் காணுமாம். “நுவரெலியாக் குளிர் எங்களுக்கு ஏப்ரல் மாசக் காலமை, அந்தக் குளிருக்கு எடுக்கேல்லை எண்டா வண்டியில வேற பிழை இருக்கு, வடிவாப் பார்” எண்டான்.

நுவரெலியாவிலயே ஒரு வயசான மெக்கானிக் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தனான், தோட்டத்து லொறியளோடயே வேலை செய்து பழகின மனுசன். வெள்ளைப் புகை எண்டதைக் கேட்டவுடனேயே தலையை ஆட்டினார், டீசல் வருது, ஸ்ராட்டர் சுத்துது, உள்ள சூடு மட்டும்தான் இல்லை எண்டு அர்த்தமாம். டீசல் எஞ்சினில காத்தை அமுக்கிற சூட்டிலதான் டீசல் பத்தும், எஞ்சின் குளிர்ந்து கிடந்தா அந்தச் சூட்டை இரும்பு குடிச்சிடும், அதுக்காகத்தான் எடுக்க முதல் சிலிண்டருக்குள்ள சூடாக்கிற ஹீற்றர் பிளக் இருக்கு. டாஷ்போட்டில ஹீற்றர் பிளக்கின்ர சுருள் லைற் ஒழுங்கா வந்து போகுதே எண்டு சொன்னன். “லைட்ட நம்பாதீங்க தம்பி, அது நேரத்துக்கு எரிஞ்சு நேரத்துக்கு அணையும். பிளக்கு செத்துக் கிடந்தாலும் அணையும்” எண்டார்.

பிளக் நாலையும் சேர்க்கிற பட்டியைக் கழட்டினார். பற்றறி பொசிற்றிவில இருந்து ஒரு 24 வோல்ற் பல்ப் ஊடா வயர் இழுத்து ஒவ்வொரு பிளக்கின்ர தலையிலயும் தொட்டார். முதலாவது, பல்ப் எரியேல்ல. ரெண்டாவது, இல்லை. மூண்டாவதில பத்திச்சுது. நாலாவது இல்லை. ஐஞ்சு நிமிசம்கூட ஆகேல்ல, நாலில மூண்டு செத்த பிளக்கோடதான் நான் இவ்வளவு நாளும் அந்தக் குளிருக்க அடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன், யாழ்ப்பாணத்துச் சூட்டுக்கு ஒண்டோட எடுத்திருக்கு. அதை இஞ்ச கடையில ஒருத்தரும் பார்க்கேல்ல.

புதுசு நாலும் 14,000, கோர் பிளக்கும் கூலன்றும் கூலியும் 9,000. பிளக் வாங்கேக்க உடம்பில அடிச்சிருக்கிற வோல்ற்றைப் பார்த்து வாங்கச் சொன்னவர், 12 வோல்ற் வண்டியின்ர பிளக்கை 24 இல போட்டா கொஞ்ச நேரத்தில எரிஞ்சு நுனி உடைஞ்சு சிலிண்டருக்குள்ள விழலாமாம். ஸ்ராட்டிங் ஸ்பிறே அடிக்கச் சொல்லி ஒராள் முதல் சொன்னவர், அதைக் கேட்டு ஐயாவுக்குக் கோவமே வந்திட்டுது, ஹீற்றர் பிளக் உள்ள எஞ்சினுக்கு அதை அடிச்சா உள்ளுக்க வெடிச்சுப் பத்தும். ஓயில் சம்புக்குக் கீழ பந்தம் கொளுத்திப் பிடிக்கிறவையும் இருக்கினம், தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. அடுத்த நாள் நாலரைக்கு, குளிர் அப்பிடியே, சுருள் லைற் அணையும் மட்டும் பொறுத்துத் திறப்பைத் திருப்பினன், அரைச் சுத்தில பிடிச்சுது.

வந்து கடைக்குப் போனனான். “நீங்கள் பிழையாப் பாவிச்சிருக்கிறியள், மின்சாரச் சாமானைத் திருப்பி எடுக்கிறேல்ல” எண்டு சொல்லிப்போட்டார். வெட்டின பிளக்கைக் காட்டினன், பார்க்கவே மாட்டன் எண்டார். பில்லில “ஹீற்றர் 1” எண்டு மட்டும் இருக்கு, பேருமில்லை வோல்ற்றுமில்லை, அதால எனக்குக் கதைக்க இடமில்லாமல் போச்சுது, நீங்கள் எந்தச் சாமான் வாங்கினாலும் வோல்ற்றோட பில் எழுதித் தரச் சொல்லுங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட ரெலிபோன் இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு குடுத்திருக்கிறன், அந்த வீட்டுக்கார அம்மாவுக்குச் சொக்கற்றையும் மாத்திக் குடுத்திட்டன்.

நான் போன அண்டைக்கு அதே பெட்டி இன்னும் ரெண்டு அந்தக் கடை றாக்கையில இருந்தது. ஏற்கனவே ஆரும் வாங்கிப் பூட்டியிருந்தா இண்டைக்கே வயரைக் கழட்டுங்கோ, கரண்டில குத்தாதேங்கோ.