எங்கள் ஏசி போடும் சத்தங்கள்: ஏழு கோடை அனுபவம்

திருவான்மியூரில் கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. 2018 மே மாதம் படுக்கையறையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி மாட்டினோம். குளிர்ச்சியில் இன்றுவரை குறையில்லை. சத்தத்தில்தான் என்னைப் படுத்தியெடுத்துவிட்டது.

முதல் இரவே ஆரம்பித்தது. அணைத்துவிட்டுப் படுத்தால் யாரோ சொடக்குப் போடுவதுபோல 'டிக்... டிக்'. பல்லியோ என்று டார்ச் அடித்துத் தேடினேன். குளிரில் சுருங்கிய பிளாஸ்டிக் உறை அறைச் சூட்டில் விரிகிற சத்தம்தான் அது. கூடவே 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு. கம்ப்ரசர் நின்றதும், குழாயில் அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு கேஸ் பாய்வதால் வருவது. சிறிது நேரத்தில் அடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவருக்குத்தான் லாபம். நான் கூப்பிட்டேன்.

அடுத்தது கொப்பளிப்பு. 2020இல் மாலை நேரங்களில் இண்டோர் யூனிட்டுக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல 'கொளக், கொளக்' என்று கேட்கும். வந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், "கேஸ் குறைந்திருக்கும் சார், ஏற்றிவிடலாம்" என்றார். பணம் கொடுத்தேன், மறுநாள் மாலை மறுபடியும் கொளக். கண்டுபிடித்தது அம்மா. "நான் சிம்னியைப் போட்டால்தான்டா அது கொப்பளிக்கிறது, கவனித்துப் பார்" என்றார். உண்மைதான். ஜன்னலெல்லாம் மூடியிருக்க, சிம்னி வீட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறது. அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே? ஏசித் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் பைப் வழியாக, அதில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. சமையலறை ஜன்னலை நான்கு விரல் அகலம் திறந்து வைத்தோம். சத்தம் நின்றது, கொசு வந்தது.

பைக்குக்கு பெட்ரோல் போடுவதுபோல ஏசிக்கு ஆண்டுதோறும் கேஸ் போட வேண்டியதில்லை. அது மூடிய சுற்று; கசிந்தால்தான் குறையும். கசிவு எங்கே என்று சோப்பு நுரை வைத்துக் காட்டாமல் கேஸ் ஏற்ற வருகிறவரை இப்போதெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறேன். 'உஸ்' சத்தம் ஓயாமல் கேட்டு, குளிர்ச்சியும் குறைந்து, உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி படிந்தால் அது வேறு கதை.

2022இல் அவுட்டோர் யூனிட் தகர டப்பாவாகக் கடகடத்தது. பால்கனியிலிருந்து எட்டிப் பக்கவாட்டுத் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினேன், சத்தம் நின்றது. கையை எடுத்தேன், மறுபடியும் கடகட. உப்புக் காற்றில் திருகுகள் துருப்பிடித்து, தலை உதிர்ந்து போயிருந்தன. ஸ்டாண்டின் போல்ட்டுகளிலும் துரு. கீழே வைத்த ரப்பர் கட்டைகள் காய்ந்து கல்லாகியிருந்தன. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அடங்கியது. கடலோரத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஸ்டாண்டைப் பாருங்கள். சத்தத்தைவிட, யூனிட் கீழே விழுந்தால் யார் தலையில் என்பதுதான் கவலை.

நான் தோற்றது ஒரு சின்னச் சத்தத்திடம். 2023 கோடையில் ஏசியைப் போட்டதும் எலிக்குஞ்சு போல ஒரு 'கீச்'. பத்து விநாடியில் மறைந்துவிடும். மறைகிறதே என்று விட்டுவிட்டேன். அடுத்த மார்ச்சில் அது இடைவிடாத உரசலாயிற்று. இண்டோர் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால், அறைக்குள் காற்றைத் தள்ளும் புளோயர் உருளையின் ஒரு முனையை மோட்டார் பிடித்திருக்கிறது. மறுமுனையைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, தட்டில் கண்மை கொட்டியதுபோல கறுப்புத் தூள். தாங்கல் போனதால் உருளை ஆடி, உறையில் உரசி, இறக்கைகள் இரண்டு மூன்று முறிந்திருந்தன. சில நூறு ரூபாய் புஷ்ஷோடு முடிந்திருக்க வேண்டியது, முழு புளோயரையும் மாற்றும்படி ஆயிற்று. அதன் இடுக்குகளில் கம்பளிபோல அழுக்கு வேறு. மாதந்தோறும் ஃபில்டரைக் கழுவினேனே என்றேன். "புளோயரைக் கழுவினீர்களா?" என்று திருப்பிக் கேட்டார் மெக்கானிக்.

சத்தத்தோடு கருகல் வாடையும் வந்தால் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், மெயினை அணைத்துவிடுங்கள்.

இதையே மறுபடியும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் அவுட்டோர் யூனிட்டைக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மாட்ட விடமாட்டேன். புது ரப்பர் போட்டும், நள்ளிரவில் சுவர் வழியாக ஒரு மெல்லிய ரீங்காரம் தலையணைவரை வருகிறது. இப்போது கால்மாட்டில் தலை வைத்துப் படுக்கிறேன்.