ஒன்ஸா, டூஸா? பழைய கார்ட்டூன்களின் ஃபிரேம் கணக்கு

1940களின் ஹாலிவுட் கார்ட்டூன் குறும்படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம் (பிலிம் சுருளின் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபிரேம்) ஓடும். ஃபிரேமுக்கு ஒரு புதுப் படம் வரைந்தால் ‘ஒன்ஸ்’. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்குப் பிடித்தால் ‘டூஸ்’. ஏழு நிமிடத்துக்கு 10,080 ஃபிரேம். டூஸில் ஓர் உருவத்துக்கு 5,040 படம் போதும்.

கூலி மட்டுமா மிச்சம்? பேச்சும் முகபாவமும் டூஸில்தான் துடிப்பாக இருக்கும். ஒன்ஸில் இழைத்தால், எண்ணெய் தடவியதுபோல அசைவு வழுக்கும்.

ஆனால் பூனை எலியைத் துரத்தும்போது, கூடவே பின்னணியும் ஓடுகிற ‘பேன்’ (pan) காட்சியில் டூஸ் காலை வாரிவிடும், நிஜமாகவே. பின்னணி ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்கிறது. காலோ ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமில்தான். பாதம் தரையில் சறுக்கும், உருவம் அதிரும். அந்த இடத்துக்கு மட்டும் ஒன்ஸ் போட்டு, பூனை நின்றதும் டூஸுக்குத் திரும்புவார்கள்.