டர்பன் ஈரக்காற்றில் வினைல் டைல் தரை: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960களில் கட்டப்பட்ட வீடு எங்களுடையது. கூடம், சமையலறை, சாமி அறை ஆகிய மூன்றிலும் 2.5 மி.மீ. தடிப்புள்ள, பசையிட்டு ஒட்டும் வினைல் (ஒருவகைப் பிளாஸ்டிக்) டைலைப் பதித்துச் சில ஆண்டுகளாகப் புழங்கி வருகிறோம். தேய்மானம் தாங்கும் மேற்படலம் 0.55 மி.மீ.; வீடுகளுக்கு 0.3 போதும் என்பார்கள், ஆனால் விசேஷ நாட்களில் உறவினர் நிறைந்து நாற்காலிகள் இழுபடும் வீட்டுக்கு அலுவலகத் தரத்தையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து. விளிம்பு எங்கும் தூக்கவில்லை. நடந்தால் ஓசையும் இல்லை. இதற்குப் பெரும் காரணம் டைலுக்கு அடியில் செய்த வேலையே என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

இங்குள்ள பல பழைய வீடுகளைப் போலவே எங்களுடையதும் சிவப்பு மெழுகு தேய்த்து மெருகேற்றிய சிமெண்டுத் தரை. ஆயாவும் அம்மாவும் முழந்தாளிட்டுத் தேய்த்து முகம் தெரியும்படி வைத்திருந்த தரை அது. அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆயினும் பல பத்தாண்டுகளாகச் சிமெண்டின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும் மெழுகின் மீது பசை பிடிக்காது. கரைப்பான் ஊற்றித் துடைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் இளகிய மெழுகு இன்னும் ஆழமாக இறங்கிவிடும். ஆகவே தூசியை உறிஞ்சும் கருவி பொருத்திய வைரச் சக்கரத்தால் மேற்பரப்பை அரைத்தே எடுத்தோம். அரைத்த இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் மெழுகு எஞ்சியிருக்கிறது. தரை அதை உறிஞ்சிக் கறுத்தால் பசை பிடிக்கும்.

அரைக்கும் இயந்திரத்தை எடுப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய 9 அங்குலச் சதுர டைல்களிலும் அவற்றின் அடியிலுள்ள கறுப்புத் தார்ப் பசையிலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கக்கூடும். தென்னாப்பிரிக்கா அதன் பயன்பாட்டைத் தடை செய்தது 2008இல்தான். எங்கள் சாமி அறையில் அத்தகைய டைல்கள் இருந்தன. அவற்றை உடைக்காமலும் தேய்க்காமலும் விட்டு, முதலில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கல்நார் இருப்பது உறுதியானதும், அதற்கெனப் பதிவு பெற்றவர்களைக் கொண்டு அகற்றினோம். செலவு கூடுதல்தான் என்றாலும், நுரையீரலுக்குள் போன கல்நார் இழை எளிதில் வெளியே வராது என்பதை அறிந்தவர்கள் இதில் சிக்கனம் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது ஈரம். டர்பனின் கடலோரக் காற்றும் கோடை மழையும் சேர்ந்து, நிலத்தின் மீது நேரடியாக அமைந்த சிமெண்டுத் தளத்தை உலர விடுவதில்லை. 45 செ.மீ. சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் தரையோடு ஒட்டி 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு வைத்தோம். எடுத்துப் பார்த்தபோது சமையலறையில் மட்டும் அடியில் கருமை படர்ந்திருந்தது. ஆனால் இது தோராயமான சோதனையே என்பதால், தளத்தின் தடிப்பில் 40 விழுக்காடு ஆழத்துக்குத் துளையிட்டு ஈரமானியைச் செருகி அளந்தும் பார்த்தோம். பிரிட்டிஷ் தரநிலை 75 விழுக்காட்டு ஒப்பு ஈரப்பதத்தை எல்லையாக வைக்கிறது. சமையலறை அதைத் தாண்டியிருந்தது. சிமெண்டிலுள்ள காரத்தைச் சுமந்து மேலேறும் ஈரம் பசையையே கெடுத்து, டைல் இடுக்குகளில் பிசுபிசுப்பாகக் கசியச் செய்யும் என்பதால், அங்கே எப்பாக்சி என்னும் இறுகும் பிசினால் இரண்டு பூச்சு ஈரத்தடுப்பு போட்டோம். வேலையை மழை குறைந்த ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் வைத்துக்கொண்டது பெரிய உதவியாக இருந்தது.

மேடு பள்ளம் பார்க்க, 3 மீட்டர் மட்டப்பலகையின் அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியாதபடி, தானே பரவி மட்டமாகும் சமன்கலவையை ஊற்றினோம். வினைல் மெல்லியது, அடியில் மணல் துகள் இருந்தாலும் சாய்வாக விழும் காலை வெயிலில் அது மேலே கொப்புளம்போல் தெரியும்.

பதிக்கும் வேலை இவற்றைவிட எளிது. டைல் பெட்டிகளை 48 மணி நேரம் அதே அறையில் வைத்திருந்து, அறையின் நடுவிலிருந்து நூலடித்து, சுவரோரத் துண்டு அரை டைலுக்குக் குறையாதபடி முன்கூட்டியே அடுக்கிப் பார்த்துக்கொண்டோம். நுண்பல் கரணையால் பசையை இழுத்து, அது பிசுக்கென்று ஒட்டும் பதம் வந்த பின் டைலை வைத்து, 45 கிலோ உருளையை இரு திசையிலும் உருட்டினோம். பல நாட்கள் தண்ணீர் விட்டுக் கழுவவில்லை.

புழக்கத்தில் கண்டவற்றையும் சொல்ல வேண்டும். மஞ்சள்தூள் சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். ஊறிவிட்ட கறையும் வெயில் படும் இடமாக இருந்தால் மெல்ல வெளுத்துவிடுகிறது. ரப்பர் அடிப்பாகம் கொண்ட, கால் துடைக்கும் மிதியடியால் கதவோரத்தில் விழுந்த பழுப்புக் கறையோ எதற்கும் போகவில்லை. வினைல் தரைக்கு அவ்வகை மிதியடி ஆகவே ஆகாது. குத்துவிளக்கின் அடியில் பித்தளைத் தட்டு வைப்பதால் எண்ணெய் பிரச்சினை இல்லை. ஆனால் காவடி நாளில் கற்பூரத் தட்டிலிருந்து விழுந்த ஒரு கனல் துண்டு சாமி அறையில் டைல் ஒன்றை உருக்கிவிட்டது. வாங்கும்போதே அதே தொகுப்பு எண்ணில் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வைத்திருந்தோம். வெப்பக்காற்றுக் கருவியால் சூடேற்றியதும் அந்த டைல் மட்டும் கழன்று வந்தது. பழைய பசையைச் சுரண்டிப் புதியதை ஒட்டினோம். சுற்றியுள்ளவற்றிலிருந்து அது இன்னும் சற்றுப் பளபளப்பாகத் தெரிகிறது.