எரிகல் தடத்தில் ஒரு கணம்: எம்எஸ்கே144 மென்பொருள் முறை

ஆகஸ்ட் 12ஆம் தேதி விடியற்காலையில், ஸ்டுட்கார்ட்டில் என் வீட்டு மாடியிலிருந்த ஒன்பது உறுப்பு யாகி ஆன்டெனாவை வடகிழக்கே திருப்பி, அமெச்சூர் வானொலிக்குரிய 144.360 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தேன். பத்து நிமிடங்கள் வெறும் இரைச்சலாகவே கழிந்தன. பிறகு ஒலிபெருக்கியில் சுண்டிவிட்டாற்போல் ஒரு ‘டிங்’ ஒலி. திரையின் பச்சைக் கோடு ஊசியாய் எழும்பித் தணிவதற்குள் பின்லாந்து நிலையம் ஒன்றின் அழைப்புக்குறியும் அதனருகே என்னுடையதும் எழுத்தாகி நின்றன. எங்கோ நடுவழியில், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துபோன, பெர்சீட் எனும் ஆகஸ்ட் மாத எரிகல் மழையின் துகள் ஒன்று விட்டுச்சென்ற அயனித் தடம்தான், 1,500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த அந்த அலையை என் பக்கம் திருப்பிவிட்டது.

இதைச் செய்து காட்டியது டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்னும் இலவச மென்பொருளிலுள்ள எம்எஸ்கே144 முறை. இருமைத் துடிவிண்மீனைக் கண்டறிந்ததற்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர், தாமும் ஒரு ஹாம் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்பவர்) என்பதால், 2001இல் இம்மென்பொருளின் முதல் வடிவத்தை எரிகல் தொடர்புக்கென்றே எழுதினார். அதற்கு முன்னர் இத்துறையில் இருந்தவர்கள் மோர்ஸ் சங்கேதத்தை அசுர வேகத்தில் அனுப்பி, எதிர்முனையில் ஒலிநாடாவில் பதிந்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பொருள் கண்டார்கள். எம்எஸ்கே144இல் ஒரு முழுச் செய்தி 72 மில்லி விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. இரு நிலையங்களும் மாறி மாறி அனுப்பும் பதினைந்து விநாடித் தவணை ஒவ்வொன்றிலும் அதே செய்தி சுமார் இருநூறு தடவை திரும்பத் திரும்ப அனுப்பப்படுவதால், தடம் எந்தக் கணத்தில் உண்டானாலும் ஏதேனும் ஒரு பிரதி அதில் பட்டுத் தெறித்துவிடும். 144 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலான தடங்கள் அரை விநாடிகூடத் தாங்குவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். மற்றப் பல முறைகளில் கணினிக் கடிகாரம் பிசகினால் எதிரே வருவது எதுவும் விளங்காது. உடனே தவறு தெரிந்துவிடும். இதிலோ செய்தி எந்த நொடியில் வந்தாலும் நிரல் பிடித்துக்கொள்கிறது. முதல் வாரம் முழுவதும் என் கடிகாரம் நான்கு விநாடி பின்தங்கியிருந்ததை அறியாமல், எதிர்முனை நண்பர் அனுப்பும் நேரத்திலும் நான் அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரியாக நடக்கிறது என்ற நினைப்பு வேறு! கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைத்த பிறகே தொடர்புகள் முழுமை பெறத் தொடங்கின.

விண்கற்களுக்குப் பதிலாக, வளிமண்டலத்தில் விழுந்து எரியும் செயற்கைக்கோள்களின் தடங்களை இதற்குப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணம் புதிதன்று. முதல் ஸ்புட்னிக் 1958 ஜனவரியில் விழுந்தபோது, ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் கிராஸ், அமெரிக்காவின் 20 மெகாஹெர்ட்ஸ் நேரக்குறி ஒலிபரப்பின் எதிரொலிகளைக் கொண்டு அதன் கடைசி நாட்களைப் பின்தொடர்ந்ததாக எழுதினார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் எம்எஸ்கே144 இதற்கு ஏற்றதன்று என்றே எனக்குப் படுகிறது. பெர்சீட் துகள் விநாடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது; சுற்றுப்பாதையிலிருந்து விழும் பொருளின் வேகம் ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர்தான். கிராமுக்குக் கிராம் ஒப்பிட்டால் துகளின் ஆற்றல் ஐம்பது மடங்குக்கும் அதிகம். செயற்கைக்கோளின் எடை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டினாலும் வேறொரு சிக்கல் எழுகிறது. பின்னே விடப்படும் தடம் காற்றோடு மெல்ல நகர்வதால் அதில் தெறிக்கும் அலையின் அதிர்வெண் அதிகம் மாறாது. எரியும் பொருளைச் சூழ்ந்து அதனோடு விரையும் பிளாஸ்மாவிலேயே (அயனியான வாயுவிலேயே) அலை தெறித்தாலோ, டாப்ளர் விளைவால், அதாவது பொருளின் வேகத்தால், அதன் அதிர்வெண் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் விலகக்கூடும். நிரலோ இருநூறு ஹெர்ட்ஸ் விலகல் வரையில்தான் தேடுகிறது. ஆகவே மிக வலுவான எதிரொலி வந்தாலும் அது வெறும் சீழ்க்கையாகக் காதில் விழுமே தவிரத் திரையில் எழுத்தாகாது.

எப்போது, எங்கே விழும் என்பதும் நம் கையில் இல்லை. முன்கணிப்பில் ஒரு மணி நேரம் பிசகினால் பொருள் 28,000 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். 2025 பிப்ரவரி 19 அதிகாலையில் ஃபால்கன் 9 ஏவூர்தியின் மேலடுக்கு ஒன்று ஐரோப்பிய வானில் எரிந்து, அதன் துண்டுகள் போலந்தின் போஸ்னான் அருகே விழுந்தன. அந்நேரம் என் வானொலி அணைந்திருந்தது, நானும் உறங்கிக்கொண்டிருந்தேன்.

எரிகல் மழைக்காலங்களில், அதிலும் விடியற்காலையில், நெடுந்தொலைவு நிலையங்களோடு பேச விரும்பும் ஹாம்களுக்கு எம்எஸ்கே144ஐத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விழும் செயற்கைக்கோள்களை நாடுவோர் அனுப்புவதை விட்டு, அவற்றில் பட்டுத் தெறிக்கும் எதிரொலிகளைக் கேட்பதில் இறங்குவது நல்லது. பிரான்சில் திஜோன் நகருக்கு அருகிலுள்ள கிராவ் எனும் விண்வெளிக் கண்காணிப்பு ரேடார் 143.050 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாது ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. கணினியில் செருகும் மலிவான யுஎஸ்பி வானொலி ஏற்பி ஒன்றை அந்த அதிர்வெண்ணில் இரவு முழுவதும் பதிவு செய்யும்படி இப்போது விட்டு வைத்திருக்கிறேன்.